பப்பாசியில் எடுத்தால் என்ன, பப்பாளியில் எடுத்தால் என்ன

"உங்க ஊர்ல பயாலஜிக்கு பிராக்டிகல் எக்ஸாமே கிடையாதாமே அக்கா, அப்புறம் பிள்ளைங்க என்னத்தைக் கத்துக்கும்?" மலாக்காவின் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவர், யாழ்ப்பாணத்தில் படிப்பித்த என்னிடம் கேட்டார். ரயில் வந்துவிட்டதால் அவர் தப்பினார். பதிலை இங்கே எழுதுகிறேன்.

பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் செய்முறையையே எடுத்துக்கொள்வோம். பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த நீரில் கரைத்து வடிக்க வேண்டும். வடிந்ததன் மேல் குளிர்ந்த அற்ககோலைக் குழாய்ச் சுவரோடு ஒட்டி மெல்ல ஊற்ற வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் முதலில் ஒரு கலங்கல். பிறகு குமிழிகளைச் சுமந்தபடி வெள்ளை இழைகள் எழும். கண்ணாடிக் குச்சியில் சுற்றினால் மூக்குச்சளி போல நீளும். பின்வாங்கில் இருப்பவனும் எழுந்து வந்து பார்ப்பான்.

இந்தியாவில் சி.பி.எஸ்.இ. 12ஆம் வகுப்புப் பாடத்திட்டத்திலேயே இது பசலைக்கீரை, பச்சைப் பட்டாணி, பப்பாளி என்று பொருள்களின் பெயரோடு இருக்கிறது. எழுத்துக்கு 70, செய்முறைக்கு 30. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், வைவா கேட்பார், ரெக்கார்டு நோட்டைப் புரட்டுவார். அந்த நோட்டின் அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனக்குக் காட்டப்பட்டதில் ஒரு பக்கம் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை. எதிர்ப்பக்கம் அளவுகோல் வைத்துப் போட்ட பென்சில் படம். கீழே ஆசிரியரின் கையொப்பம். ஒரு நோட்டைப் பார்த்து ஒரு நாட்டை அளக்கலாமா என்பீர்கள். நோட்டு நல்ல தடிப்பு.

இலங்கை உயர்தரத்தில் செய்முறைக்கென்று தனிப் பரீட்சை இல்லைத்தான். அமைப்புக் கட்டுரை வினா இருக்கிறதே! அங்கே காரணம் கேட்பார்கள். சவர்க்காரம் எதற்கு? மென்சவ்வின் கொழுப்பைக் கலைக்க. உப்பு எதற்கு? டி.என்.ஏ.யின் பொசுபேற்றுகள் சுமக்கும் மறை ஏற்றத்தை சோடியம் அயன் தணிக்கும். அப்போதுதான் இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் திரளும். இதைச் சொல்லத் தெரியாத பிள்ளை படம் எவ்வளவு வடிவாகக் கீறினாலும் என்னிடம் புள்ளி வாங்கியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மின்சாரம் அறுந்து கிடந்த 90களின் யாழ்ப்பாணத்தில் ஐசுக்கு எங்கே போவது? ஜாம் போத்தல் விளக்கில் படித்து மருத்துவபீடம் போன தலைமுறை அது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. குளிர்ந்த அற்ககோலுக்குப் புள்ளி வைத்தால், அது குளிர்சாதனப் பெட்டி உள்ள பாடசாலைக்குத்தான் போய்ச் சேரும்.

சொற்களும் வேறு. தமிழ்நாட்டில் செல் என்பது எங்களுக்குக் கலம், நொதி என்பது நொதியம், மரபணு என்பது பரம்பரையலகு. என் நாவுக்குப் பழகியது இரண்டாவது வரிசை. இங்கே மலாக்காவில் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிகிறது. தோட்டத்துப் பிள்ளை டி.என்.ஏ.யைப் படிப்பது பெரும்பாலும் மலாயில்தான். இலங்கையில் பதின்மூன்றாம் ஆண்டு வரை தமிழிலேயே விஞ்ஞானம் படிக்கலாம். தமிழ்நாட்டிலும் பிளஸ் டூ வரை தமிழ்வழி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து இங்கே வந்தவர்களில் எனக்குத் தெரிந்த யாரும் தம் பிள்ளையை அதில் சேர்த்ததாகச் சொன்னதில்லை.

மொழி எதுவானாலும், இந்தச் செய்முறைக்கு வாழைப்பழம் எந்த ஊரிலும் கைகொடுக்கும். கொழும்பில் கோழிக்கூடு, திருச்சியில் ரஸ்தாளி, இங்கே பசார் மாலாமில் பீசாங் ரஸ்தாலி: மூன்றும் சில்க் என்ற ஒரே இனம். ஒவ்வொரு கலத்திலும் நிறமூர்த்தம் 3 தொகுதி. ஆனால் வெள்ளையாக எழுவதெல்லாம் டி.என்.ஏ. அல்ல, ஆர்.என்.ஏ.யும் பழத்தின் பெக்டினும் கூடவே அற்ககோலில் திரளும். அந்த ரெக்கார்டு நோட்டில் 'வெண்ணிற இழைகளாக டி.என்.ஏ. காணப்பட்டது' என்று முடித்துக் கையொப்பமும் வாங்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் என்றால், 'டி.என்.ஏ. என்று எப்படித் தெரியும்?' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.