பயனாளி என்னும் சொல்

கிரிவலப் பாதையில் பூக்கட்டி விற்கும் பெண்களிடம் கணக்கெடுத்து, அரிசியும் போர்வையும் கொடுத்த சிறு அமைப்பொன்றின் அறிக்கை தமிழ் திருத்த என்னிடம் வந்தது. வயது, வருமானம், கடன் எல்லாம் இருந்தன. பேர் இல்லை, எல்லாரும் 'பயனாளி'. பேரை மறைப்பது ஆய்வு அறம் என்றார்கள். சரிதான். ஆனால் அட்டையில் போர்வை வாங்கும் பாட்டியின் முகம் முழுசாக இருந்ததே! முதல் வாசிப்பில் நானும் சந்திப்பிழைகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

மணிமேகலையில் அமுதசுரபியில் முதல் பிச்சை இடுபவள் ஆதிரை. அதிலிருந்து உண்டு பசி தீர்பவள் காயசண்டிகை. இட்டவளுக்கு ஒரு கதை உண்டென்றால் உண்டவளுக்கும் உண்டு: காலால் சிதைத்த நாவற்கனி, முனிவனின் சாபம், 12 ஆண்டுகள் அடங்காத யானைத்தீ, தேடிவரும் கணவன். பசித்தவளுக்குச் சாத்தனார் ஊரும் உறவும் கொடுக்கிறார். (பசி தீர்ந்து வீடு திரும்புகிறவளை விந்தமலையில் சாகடித்துவிடுகிறார் என்பது தனி வழக்கு.) நம் அறிக்கைகளிலோ கதை முழுக்கக் கொடுத்தவர்களுடையது, கோயில் குழல்விளக்கில் 'உபயம்' எழுதுவதைப் போல.

அட்டைப்படத்தை எடுத்துவிடச் சொன்னேன். "நன்கொடை தர்றவங்களுக்கு முகம் தெரியணுமே, மேடம்" என்றார் அந்தத் தம்பி. பாட்டியிடம் கேட்டீர்களா என்றேன். கேள்வித்தாளில் அப்படியொரு கேள்வி இல்லை என்றார்.