ஷேக்கர் கூட்டுவாழ்வுக் கிராமப் புகைப்படங்களில் அன்றாட வாழ்வு: சான்றும் புனைவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் ஷேக்கர் சமயத்தார் வாழ்ந்த கூட்டுவாழ்வுக் கிராமங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பலமுறை புகைப்படம் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஆளற்ற, எளிய அறைகளைக் காட்டும் படங்களே ஷேக்கர் வாழ்வின் அடையாளமாக இன்று நிலைபெற்றுள்ளன. அப்படங்கள் முந்தைய காலம் ஒன்றின் மீட்டுருவாக்கம் என்பதையும், அவற்றை அளவுகோலாகக் கொள்வதால் இறுதித் தலைமுறைப் பெண்களின் வாழ்வு சான்று என்னும் தகுதியை இழக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஷேக்கர், கூட்டுவாழ்வு, புகைப்படம், அன்றாட வாழ்வு, பெண் உழைப்பு, காட்சிச் சான்று

முன்னுரை

புகைப்படம் கண்டதைக் கண்டவாறே காட்டும் என்னும் நம்பிக்கை சமூக வரலாற்று ஆய்வில் இன்றும் வலுவாக உள்ளது. எழுத்துச் சான்றை ஐயத்துடன் அணுகும் ஆய்வாளர்கூடப் படச் சான்றை எளிதில் ஏற்றுக்கொள்வதைக் காணமுடிகிறது. இவ்வேற்பு எத்தகைய பிழைகளுக்கு இட்டுச்செல்லும் என்பதை உணர ஷேக்கர் கிராமப் படங்கள் தக்க களமாக அமைகின்றன.

ஆன் லீ என்னும் பெண்மணியின் தலைமையில் 1774ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்த சிறு குழுவே அமெரிக்க ஷேக்கர் சமயத்தின் தொடக்கம். வழிபாட்டின்போது உடல் நடுங்க ஆடியதால் பிறர் இட்ட பெயர் ‘ஷேக்கர்’. 1787இல் நியூ லெபனானிலும், அதன்பின் ஹான்காக், கேன்டர்பரி முதலிய இடங்களிலும் இவர்கள் கிராமங்களை அமைத்தனர். பிரமச்சரியம், பாவ அறிக்கை, பொதுவுடைமை ஆகியன இவர்தம் வாழ்வின் அடிப்படைகள். ஆண்கள் சகோதரர் எனவும் பெண்கள் சகோதரியர் எனவும் அழைக்கப்பட்டு, ஒரே இல்லத்தில் தனித்தனி வாயில்களையும் படிக்கட்டுகளையும் பயன்படுத்தி வாழ்ந்தனர். பிள்ளைப்பேறு இல்லாத இச்சமூகம், வெளியிலிருந்து வந்து சேர்வோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் நம்பியே நிலைத்தது.

தடையும் தளர்வும்

ஷேக்கர்களுக்கும் உருவப்படத்திற்கும் இருந்த உறவு தடையிலிருந்தே தொடங்குகிறது. 1845ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒழுக்க விதிகள், வசிப்பறைகளிலும் பணியிடங்களிலும் படங்களையும் ஓவியங்களையும் மாட்டுவதை விலக்கின. அலங்காரம் மனத்தைச் சிதறடிக்கும் என்பதும், தனிமனிதப் பற்றைத் தூண்டும் பொருள் எதுவும் கூட்டுவாழ்வுக்குப் பகை என்பதும் இவ்விலக்கின் பின்னணி. உடைமையைத் துறந்தவர் தம் உருவத்தை மட்டும் தனி உடைமையாக வைத்துக்கொள்வது முரணாகவே கருதப்பட்டிருக்கும்.

பின்வந்த பதிற்றாண்டுகளில் இவ்விதிகள் தளர்ந்தன. எனவே, ஷேக்கர் ஒருவர் புகைப்படக் கருவியின்முன் நிற்கும் எந்தப் படமும், அவர்தம் சமயம் மாற்றத்திற்கு இடங்கொடுத்த பிறகு எடுக்கப்பட்டதே ஆகும். தூய தொடக்கநிலை ஷேக்கர் வாழ்வைப் படம்பிடித்த கருவி எதுவும் இல்லை. இவ்வுண்மையே பின்வரும் வாதத்திற்கு அடித்தளம்.

பயணிகளுக்கான கிராமம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்டீரியோ படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. அருகருகே ஒட்டப்பட்ட இரு படங்களை ஒரு கருவி வழியே நோக்கினால் காட்சி ஆழமுடையதாகத் தோன்றும். கேன்டர்பரி கிராமத்தை டபிள்யூ. ஜி. சி. கிம்பல் இம்முறையில் படம்பிடித்தார். கிராமத்திற்கு வந்த பயணிகள் இத்தகைய படங்களை நினைவுப்பொருளாக வாங்கிச் சென்றனர்.

இப்படங்களில் இயல்பு வாழ்வு தானே பதிவாகிவிட்டது எனக் கருதவியலாது. அக்காலத் தட்டுகளுக்குச் சில நொடிகளேனும் ஒளி தேவைப்பட்டது. அசைந்தவர் உருவம் மங்கிப்போகும். ஆகவே வேலை செய்வோர் வேலையை நிறுத்திவிட்டு, வேலை செய்வதுபோல் நின்றனர். ஷேக்கர் வழிபாட்டின் உயிர்நாடியான நடனம் இக்கருவிக்கு அகப்படவில்லை. அந்நடனத்தைக் காட்டுவனவாக இன்று அறியப்படும் உருவங்கள் பெரும்பாலும் கல்லச்சு ஓவியங்களும் பத்திரிகைச் செதுக்குப்படங்களுமே. அசைவின் பெயராலேயே அழைக்கப்பட்ட ஒரு சமயம், புகைப்படத்தில் அசைவற்ற சமயமாகப் பதிவாகியுள்ளது.

எனினும் இப்படங்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. படத்தில் நிற்பவர்கள் தாம் படம் எடுக்கப்படுவதை அறிந்திருந்தனர். எங்கே நிற்பது, எப்படித் தோன்றுவது என்பதில் அவர்களுக்கும் பங்கிருந்தது. வெள்ளைத் தொப்பியும் தோள்துண்டும் அணிந்து வரிசையாக நிற்கும் சகோதரியர் தம் சமூகத்தை உலகின்முன் வைக்கின்றனர். அது தோற்றமே ஆயினும் அவர்களே ஏற்ற தோற்றம்.

ஆளற்ற அறை

1920களிலும் 1930களிலும் நிலைமை மாறியது. பெரும்பாலான கிராமங்கள் மூடப்பட்டோ சுருங்கியோ இருந்தன. அக்காலத்தில் எட்வர்ட் டெமிங் ஆண்ட்ரூஸ், ஃபெய்த் ஆண்ட்ரூஸ் இணையர் ஷேக்கர் மரப்பொருள்களைத் திரட்டி ஆய்ந்தனர். அவர்களுக்காகப் படமெடுத்தவர் வில்லியம் எஃப். வின்டர். 1935ஆம் ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் நடந்த ஷேக்கர் கைவினைக் கண்காட்சியும், 1937இல் வெளிவந்த ‘ஷேக்கர் ஃபர்னிச்சர்’ என்னும் நூலும் இக்கூட்டுழைப்பைப் பரவலாக அறியச்செய்தன.

வின்டர் படங்களின் கூறுகள் எளிதில் அடையாளம் காணத்தக்கவை. வெறுமையான சுவர், அதைச் சுற்றி ஓடும் முளைகள் பதித்த பலகை, ஒரு நாற்காலி, ஒரு மேசை, பக்கச் சாளரத்திலிருந்து விழும் ஒளி. மனிதர் இல்லை. பலவற்றில் பொருள்கள் படத்திற்காகவே தேர்ந்து அடுக்கப்பட்டவை. சேகரிப்பாளர் வசமிருந்த பொருள்களும் அறைகளுக்குள் கொண்டுவந்து வைக்கப்பட்டன என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 1845 விதிகள் எளிய அறையைத்தானே வலியுறுத்தின? அவ்வாறாயின் வின்டர் காட்டியது உண்மைக்கு அண்மையது அன்றோ? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அப்படங்கள் பழைய அறையின் ஒழுங்கை ஓரளவு துல்லியமாக உணர்த்தக்கூடும். மறைந்துகொண்டிருந்த கட்டடங்களையும் வினைத்திறனையும் பதிவுசெய்த வகையில் அவற்றின் பயன் பெரிது. ஆனால் 1930களின் ஒளியில், 1930களின் கருவியால், நூறாண்டு முந்தைய அறையைப் படமெடுக்க இயலாது. இயன்றது அதனைப் புனைந்து நிறுத்துவதே. மீட்டுருவாக்கம் என அறிவிக்கப்படும்வரை அது குற்றமன்று. ஆவணம் என்னும் பெயரில் வழங்கும்போதே சிக்கல் தொடங்குகிறது.

‘சீரழிவு’ என்னும் அளவுகோல்

எல்மர் ஆர். பியர்சன், ஜூலியா நீல் ஆகியோர் தொகுத்து 1974இல் வெளியிட்ட ‘தி ஷேக்கர் இமேஜ்’ பழைய படங்களை ஒருங்கே காண வழிசெய்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால ஷேக்கர் அறைகளைக் காட்டும் படங்களை வின்டர் படங்களுடன் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். பூவேலைக் கம்பளம், சுவர்த்தாள், திரைச்சீலை, சட்டமிட்ட படங்கள், இசைக்கருவி ஆகியன அவ்வறைகளில் இடம்பெறுகின்றன. அக்கால நடுத்தர அமெரிக்க இல்லத்திற்கும் இவற்றிற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இத்தகைய படங்களைச் சமயத்தின் தளர்ச்சிக்குச் சான்றாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். கம்பளம் வந்ததும் பக்தி போயிற்று என்னும் முடிவு அதில் உள்ளடங்கியுள்ளது. இம்முடிவின் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஷேக்கர்களுள் பெண்களே மிகப் பெரும்பான்மையினர். ஆடவர் குறைந்ததால் வயல்வேலைக்குக் கூலியாள் அமர்த்தப்பட்டனர். சகோதரியர் தைத்த மேலங்கிகளும் செய்த சிறு கைவினைப் பொருள்களும் ஈட்டிய வருவாய் பல கிராமங்களைத் தாங்கியது. கம்பளம் விரித்த அறையில் வாழ்ந்தோர் இப்பெண்களே. அவ்வறையைப் ‘போலி’ எனத் தள்ளினால், ஆடவர் தச்சுத்திறன் சிறந்திருந்த காலம் மட்டுமே ஷேக்கர் காலம் என்றாகிறது. நாற்காலி செய்தவர் எஞ்சுகிறார். அந்நாற்காலியில் அமர்ந்து இல்லத்தைக் காத்தவர் மறைகிறார்.

சட்டகத்திற்கு வெளியே

ஷேக்கர்கள் தாமே கருவியைக் கையிலெடுத்த காலமும் உண்டு. மெய்ன் மாநிலத்துச் சபத்டே லேக் கிராமத்தின் டெல்மர் வில்சன் மரப்பெட்டி செய்பவராகவும் புகைப்படம் எடுப்பவராகவும் விளங்கினார். 1923ஆம் ஆண்டைச் சார்ந்த புகழ்பெற்ற படம் ஒன்றில், தாம் செய்த 1,083 பிடியுள்ள மரப்பெட்டிகளின் அடுக்குகளிடையே அவர் காணப்படுகிறார். ஆளும் தொழிலும் அளவும் ஒருங்கே அமைந்த இப்படம் வின்டரின் ஆளற்ற அறைக்கு எதிர்நிலையில் நிற்கிறது.

ஆயினும் இதனையும் முழுமையான சான்றாகக் கொள்ள இயலாது. இவ்வகைப் பெட்டிகளுக்கு உட்புறம் பட்டுத்துணி தைத்து, குண்டூசி மெத்தையும் மெழுகுக்கட்டியும் பொருத்தித் தையற்பெட்டியாக விற்பனைக்கு உரியதாக்கியது சகோதரியரின் உழைப்பு. படத்தில் மரவேலை முடிந்துவிட்டது, தையல்வேலை தொடங்கவில்லை. ஒரு பொருளின் உருவாக்கத்தில் எந்தக் கட்டம் படமாகிறது என்பதும் ஒரு தேர்வே. உள்ளிருந்து எடுக்கப்பட்ட படம் என்பதாலேயே அது எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை.

முடிவுரை

நியூ லெபனான் கிராமம் 1947இல் மூடப்பட்டது. 1960இல் ஹான்காக் கிராமம் அருங்காட்சியகமாயிற்று. அதன் தொடக்கக்காலப் பணியில் ஆண்ட்ரூசும் பங்கேற்றார். கேன்டர்பரியில் இறுதிச் சகோதரி 1992வரை வாழ்ந்தார். அதாவது, ஷேக்கர் வாழ்வு முடிந்துபோன பழங்கதையாகப் படங்களில் வடிக்கப்பட்ட பின்னரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சகோதரியர் சமைத்தும் தைத்தும் வழிபட்டும் வாழ்ந்துவந்தனர்.

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஷேக்கர் அன்றாட வாழ்வைக் காட்டும் படங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அமைக்கப்பட்டவை. ஆயினும் படத்தில் இருப்போர் பங்கேற்ற அமைப்பும், அவர்களை நீக்கிவிட்டுச் செய்யப்பட்ட அமைப்பும் ஒன்றல்ல. இரண்டாவதாக, வின்டர் படங்கள் வடிவமைப்பு வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. வாழ்வியல் வரலாற்றுக்கு அவை 1930களின் இரசனையைக் குறித்த சான்றாகவே பயன்படும். மூன்றாவதாக, ‘தளர்ச்சிக் காலம்’ என ஒதுக்கப்பட்ட படங்களே கூட்டுவாழ்வு எவ்வாறு மாறியும் தொடர்ந்தும் வந்தது என்பதை அறிவதற்கான முதன்மை வளம். எளிமையான அறையைக் காணும் ஆய்வாளர், அதன் அழகை வியக்குமுன், அங்கிருந்த கம்பளத்தை எடுத்தவர் யார் என வினவுதல் தகும்.