தீவின் குரலும் திரைப்படமும்

குமரிமுனைக்குத் தென்மேற்கே, இந்துமாக் கடலில் சிதறிக் கிடக்கும் குட்டி நாடு மாலத்தீவு. சுமார் 1,200 தீவுகள். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. அதன் குடியரசுத் தலைவராக இருந்த முகமது நஷீத், 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பெரிய நாடுகளுடன் வாதாடியதைக் காட்டுகிறது ஜான் ஷென்க் இயக்கிய 'தி ஐலண்ட் பிரெசிடென்ட்' (2011) என்ற ஆவணப்படம்.

மாநாட்டுப் பேரங்களை இத்தனை அருகிலிருந்து காட்டும் படங்கள் அரிது. மாணவர்கள் அவசியம் பார்க்கலாம். ஆயினும் இரு குறைகள் உண்டு.

முதலாவது, கடல் ஏன் உயர்கிறது என்ற விளக்கத்திற்குப் படம் போதிய இடம் தரவில்லை. தம்ளர் நீரில் பனிக்கட்டியை மிதக்கவிட்டுப் பாருங்கள். அது உருகினாலும் நீர்மட்டம் ஏறாது. நிலத்தின் மேலுள்ள பனி உருகிக் கடலில் சேர்வதும், வெப்பத்தால் கடல்நீர் விரிவடைவதுமே முக்கியக் காரணங்கள். இது விளங்காவிடில் தீவு மக்களின் அச்சம் வெறும் சோகக் கதையாகிவிடும்.

இரண்டாவது, படத்தின் பார்வை ஒருவர் மீதே நிற்கிறது. மாலத்தீவு 1987-லேயே ஐ.நா. சபையில் இந்த ஆபத்தை எடுத்துரைத்தது. 1990-இல் சிறு தீவு நாடுகள் கூட்டணி அமைத்தன. வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்சியசுக்குள் நிறுத்த முயல வேண்டும் என்பது 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஏறியதில் அக்கூட்டணியின் பங்கு பெரிது.

தனித்து நிற்கும் சிறிய நாட்டுக்கு இரக்கம் கிடைக்கும். அணி திரண்டு, அறிவியல் கணக்கோடு வந்தால்தான் ஒப்பந்தத்தில் இடம் கிடைக்கும். இதை மனத்தில் கொண்டு படத்தைப் பாருங்கள்.