கல்லச்சில் ஒரு பொன்னுலகம்

பச்சைப் பசேலென்ற புல்வெளி, கொழுத்த பசுக்கள், தூய வெண்ணிற வீடு, வாயிலில் சிரித்து நிற்கும் குழந்தைகள்! காண்போர் உள்ளம், 'இதுவன்றோ வாழ்வு!' என்று ஏங்கும். அந்த ஏக்கத்தையே சரக்காக்கி விற்றது, 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க் நகரக் கல்லச்சுக் கூடமொன்று.

நத்தானியேல் கரியர் 1830-களில் தொடங்கிய தொழில் அது. 1857-இல் ஜேம்சு ஐவ்சு பங்காளியானார். 1907-இல் மூடப்படுமுன், 7,000-க்கும் மேற்பட்ட படங்களை அந்நிறுவனம் வெளியிட்டது. சிறிய படங்களுக்குச் சில சென்டுகளே விலை. சீமான்களின் மாளிகைக்குள் சிறைப்பட்டுக் கிடந்த ஓவியம் எளியோர் இல்லச் சுவருக்கு வந்தது. அந்த மாறுதலை நாம் வாழ்த்துகிறோம். ஆனால் வந்த ஓவியம் மக்களிடம் என்ன பேசிற்று?

பிரான்சிசு பாமர் என்ற அம்மையார், இங்கிலாந்திலிருந்து குடியேறி, தம் கைத்திறனால் குடும்பத்தைக் காத்தவர். 1855-இல் வெளிவந்த 'அமெரிக்க நாட்டுப்புற வாழ்வு' என்ற நான்கு படங்கள் அவர் தீட்டியவை. ஒளியும் தொலைவும் அவருக்கு ஏவல் கேட்டன. ஆற்றலை மறுப்பார் இல்லை. எனினும், முன்னே நிற்பது நல்லுடை உடுத்த குடும்பம். உழைப்போ காட்சிக்கு ஓர் அணிகலன்! வியர்வை இல்லை, கடன் இல்லை, பொய்த்த மழையும் இல்லை. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். இந்தப் பொன்னுலகில் அவர்களுக்கு இடமேது?

இடம் கிடைத்தபோது எப்படிக் கிடைத்தது? 1884-இல் வந்தது மிசிசிப்பிப் பருத்தித் தோட்டப் படம். கறுப்பின மக்கள் பருத்தி பறிக்கின்றனர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் படத்தில் பழைய காட்சியே! விளைச்சலில் பங்கு என்ற பெயரால் வாரக் குடிகளாகி, கடைக்கடனில் மூழ்கிய மக்களின் துயரை அந்த வண்ணம் மூடி மறைத்தது. அதே காலத்தில் அம்மக்களை எள்ளி நகையாடும் படங்களையும் அதே கூடம் விற்றது!

மறைந்த கைகள் படத்துக்கு வெளியிலும் உண்டு. பெரும்பாலான படங்கள் கறுப்பு மையில் அச்சாகி, மேசையைச் சுற்றி அமர்ந்த பெண்களிடம் சென்றன. ஒருத்தி ஒரு வண்ணம் பூசி அடுத்தவளிடம் தள்ளுவாள். வானுக்கு நீலம் தந்தவள் யார்? வயலுக்குப் பசுமை தந்தவள் யார்? நிறுவனத்தின் பெயர் அடியில் மின்னிற்று; அவர்கள் பெயர் அங்கில்லை.

கல்லச்சின் குற்றமா இது? அன்று! 1873-இல் சின்சின்னாட்டியில், 'கிரேஞ்சு' என்ற உழவர் சங்கத்தாருக்காக ஒரு வண்ணப் படம் அச்சாயிற்று. இரயில் நிறுவனங்களின் கட்டணக் கொடுமையை எதிர்த்து நின்ற சங்கம் அது. நடுவில் உழவன் நிமிர்ந்து நிற்கிறான். அனைவருக்கும் செலுத்துபவன் நானே என்ற பொருளில் ஒரு வாசகம் அவன் காலடியில் இருக்கிறது. அதிலும் அலங்காரம் உண்டு. ஆனால் அங்கே உழவன் அணிகலன் அல்லன், உரிமை பேசுபவன்!

அழகிய படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை நாம். இளைஞர்காள், நன்றாகப் பாருங்கள், சுவையுங்கள்; பிறகு, அந்த வயலை உழுதவன் எங்கே என்று கேளுங்கள்!