உறவும் முரணும்: ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ஆங்கிலச் சொற்கள் தமிழில்

தொல்காப்பியப் பாயிரம் வடவேங்கடத்தைத் தமிழின் வட எல்லையாகக் கூறும். அவ்வெல்லையை ஒட்டிய சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. 1911 முதல் 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் 1895இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1909இல் அடையாற்றில் பிரம்மஞான சபையாரால் தெரிந்தெடுக்கப்பட்டு ஆங்கிலச் சூழலில் வளர்ந்த அவர், தாய்மொழிப் பயிற்சியை இழந்தார். 1986இல் மறையும்வரை ஆங்கிலத்திலேயே உரையாற்றினார். எனவே அவர் பிறந்த மண்ணின் மொழிகளுக்கு அவர் கருத்துகள் பெயர்ப்பின் வழியாகவே வந்து சேர வேண்டியுள்ளன.

அவர் கலைச்சொற்களைப் பெரிதும் தவிர்த்து, எல்லாரும் அறிந்த சொற்களையே ஆண்டார். எளிய சொற்கள் ஆதலின் பெயர்ப்பும் எளிதெனத் தோன்றும். ஆயின் உறவு, உணர்ச்சி, பூசல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களே ஒரு சமூகத்தின் வாழ்வில் ஆழ வேரூன்றியவை. அவற்றுக்கு ஒன்றுக்கொன்று என நேர்ச்சொல் அமைத்துக்கொள்வது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

'ரிலேஷன்ஷிப்' என்பதை அவர் மக்களோடு மட்டுமன்றிப் பொருள்களோடும் கருத்துகளோடும் மனிதன் கொள்ளும் தொடர்புக்கும் வழங்கினார். தமிழில் 'உறவு' என்றவுடன் சுற்றமும் கொள்வினை கொடுப்பினையும் முன்னிற்கும். ஒருவன் தன் நிலத்தோடு கொள்வதை நாம் 'பற்று' என்போம். 'தொடர்பு' எனின் பரப்புக் கிட்டும், நெருக்கம் குன்றும். எங்கும் 'உறவு' என்றே பெயர்த்தால், மனத்தின் இயல்பைப் பற்றிய உரை குடும்ப அறவுரையாகச் சுருங்கிவிடும்.

'கான்ஃப்ளிக்ட்' என்பதில் சிக்கல் மேலும் மிகும். உள்ள நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் இடையே மனத்துள் நிகழும் இழுபறியை, ஆற்றலை வீணாக்குவதாகவே அவர் சுட்டினார். இதனைப் 'போராட்டம்' என்று பெயர்ப்பது பிழையான மதிப்பை ஏற்றுவதாகும். விடுதலை இயக்கத்தாலும் தொழிலாளர் இயக்கத்தாலும் அச்சொல் தமிழில் பெருமை பெற்றுவிட்டது. 'முரண்பாடு' அளவையியல் சார்ந்து குளிர்ந்து நிற்கிறது. தெலுங்கில் வழங்கும் 'சங்கர்ஷண' என்னும் வடசொல் உராய்தல் என்னும் அடிப்பொருளுடையது. தமிழ்ப் பேச்சு வழக்கிலுள்ள 'உரசல்' அதற்கு இணையானதே. சிறு பூசலையே குறிப்பினும், தேய்மானத்தை உணர்த்தும் ஆற்றல் அதற்குண்டு. உரைநடையில் அதனைப் புறக்கணிக்கக் காரணமில்லை.

ஆங்கிலத்தின் சொற்பிறப்பைக் கொண்டே அவர் கருத்துரைக்கும் இடங்களும் உள. 'அலோன்' என்பதனுள் 'ஆல் ஒன்', அதாவது முழுதும் ஒன்று என்னும் பொருள் இருப்பதைக் காட்டி, 'லோன்லினஸ்' என்னும் ஏக்கத்தினின்று அதனைப் பிரித்தார். தமிழில் இரண்டையும் 'தனிமை' என்றால் வாதமே அழியும். பின்னதைத் 'தனிமைத்துயர்' என்றும் முன்னதைத் 'தனித்து நிற்றல்' என்றும் வேறுபடுத்தலாம். சொற்பிறப்பு நயத்தைக் குறிப்புரையில் விளக்குவதே நேர்மை.

சொல் என்பது அது சுட்டும் பொருளன்று என்று அவரே வலியுறுத்தியதால், சொற்றேர்வு பற்றி இத்துணை ஆராய வேண்டியதில்லை எனச் சிலர் கூறலாம். ஆயின் சொல்லைக் கடக்குமாறு கேட்கப்படும் வாசகன், முதலில் சரியான சொல்லைப் பெற்றாக வேண்டும்.

மறுதலையாக, ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் சுட்டவியலாத கருத்தும் தமிழில் உண்டு. அன்புடையார்க்கிடையே எழும் 'ஊடல்' பூசலேயாயினும் அன்பின் கூறாகும். திருக்குறள் 'ஊடலுவகை' என்னும் 133ஆம் அதிகாரத்துடன்தான் நிறைவுறுகிறது. பூசல் உள்ளவிடத்து அன்பில்லை என்னும் கிருஷ்ணமூர்த்தியின் நிலையை இச்சொல் எதிர்த்து வினவுகிறது. அவ்வினாவை மறைக்காமல் வாசகன்முன் வைக்கும் பெயர்ப்பே அவர் சிந்தனைக்கும் தமிழுக்கும் ஒருங்கே நீதி செய்வதாகும்.