கூழைக்கடாவும் படச்சட்டமும்

தமிழில் நீர்ப்பறவைகளைப் பற்றி வந்திருக்கும் நூல்கள் கொஞ்சம்தான். அவற்றைப் பாராட்டுவதோடு நம் விமர்சனம் முடிந்துவிடுகிறது. பறவையைப் பற்றித் தமிழில் ஒருத்தர் எழுதினதே பெரிசு என்கிற பெருந்தன்மை. இந்தப் பெருந்தன்மைக்குள் ஓர் அலட்சியமும் இருக்கிறது: கவிதையையும் நாவலையும் வாசிக்கிற கண்ணோடு இந்தப் பிரதிகளை நாம் வாசிப்பதில்லை. அரசியலற்ற தகவல் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

தொடங்க வேண்டிய இடம் மயிலாப்பூர். மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், அங்கே இருந்து எழுதியவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் சாகும்வரை ஆங்கிலத்தில் பத்தி எழுதினார். தமிழில் எழுதியது அதைவிட மிகக் குறைவு. கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய பறவைக் குறிப்புகளும் வேடந்தாங்கல் பற்றிய சிறுநூலும் பெருமாள்முருகன் பதிப்பில் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்று வந்தன. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது 'மழைக்காலமும் குயிலோசையும்'. இவ்வளவுதான் நம் கையில் கிடைப்பது. ஆனால் இவை இல்லாமல் தமிழில் பறவையெழுத்து என்று ஒன்றைப் பேச முடியாது.

கிருஷ்ணனிடம் முதலில் கற்கவேண்டியது பெயரிடுதல். 'பெலிகன்' என்று எழுதினால் அது மிருகக்காட்சிசாலைப் பறவை. 'கூழைக்கடா' என்றால் ஏரிக்கரையில் நிற்கிறவனுக்குத் தெரிந்த பறவை. அறிவியலைச் சொல்ல ஊர்ச்சொல் போதும் என்று காட்டிய எழுத்து இது. சிக்கல் சொல்லில் இல்லை, பறவையை எதற்குள் வைத்துப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. அதுவும் கிருஷ்ணனுக்குப் பிறகு வந்த கையேடுகளிலும் வண்ணப்பட நூல்களிலும் கூடுதலாக.

வேடந்தாங்கல் கதை எல்லோருக்கும் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள், ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுக் காப்புரிமை பெற்றார்கள். ஏன் முறையிட்டார்கள்? எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதாவது அது பாசனக் கணக்கு. திரும்பத் திரும்பச் சொல்லும்போது இந்தக் கணக்கு 'பறவைகளை நேசிக்கும் எளிய மக்கள்' என்ற கதையாடலாகக் கரைந்துபோகிறது. உழைப்பு போய் அன்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'ஊர் மக்கள்' என்றால் யார்? நிலம் யாருக்கு, மடையில் முறை யாருக்கு, அந்த வயலில் கூலிக்கு இறங்கினது யார்? நூல்கள் இங்கே மௌனம். ஊர்ப்பெயரில் இருக்கிற வேடனும் காணாமல் போகிறான். 1972 வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாயிற்று. பறவைகளை அறிந்த நரிக்குறவரின் அறிவு எந்த நூலின் அறிவாகவும் ஆகவில்லை.

இன்னொரு மௌனம் இதைவிட விலை கூடியது. வண்ணப்பட நூல்களில் கூழைக்கடா எப்போதும் கூட்டில்தான் இருக்கும். நீரில் நிற்கும் மரம், கிளையில் பறவை, குஞ்சு, தாயின் பைக்குள் தலையை விடும் அந்தத் தருணம். அழகுதான். ஆனால் கூடு கட்டுவதுதான் இந்த ஏரியில், இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் போகவேண்டும். நாரையும் கொக்கும் வயல்களிலும் மேயும். படச்சட்டத்துக்கு வெளியேதான் பறவையின் பாதி வாழ்க்கை. ஏரி சுமார் 30 ஹெக்டேர். 1998இல் சரணாலயம் என்று அறிவித்தது ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க மாநில அரசே முன்மொழிந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. 'ஏரிக்கு ஒண்ணும் ஆகாது' என்கிற வாதம் எங்கிருந்து பலம் பெறுகிறது? பறவை என்றால் ஏரி, ஏரி என்றால் மரம் என்று நம் கண்ணைப் பழக்கிய படங்களிலிருந்தும்தான். படச்சட்டம் எல்லைக்கோடாக மாறுகிற இடம் இது. நூலாசிரியர் யாரும் இதை விரும்பி எழுதவில்லை. பிரதியின் அரசியல் ஆசிரியரின் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை.

இதெல்லாம் 75 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊர்ச் சமாச்சாரம் என்று தென்சென்னை வாசகர் நிம்மதியாக இருக்க முடியாது. தி. நகரில் இந்த நூல்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் கால் பதிவது 1920களில் தூர்க்கப்பட்ட நெடிய ஏரியின் மேல். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் கெடக்கு. மின்சார ரயிலில் பழவந்தாங்கலைத் தாண்டிப் போகிறோம். தாங்கல் என்றால் இந்த வட்டாரத்தில் சின்ன ஏரி. வேடந்தாங்கலை 'வேடர் தங்கிய ஊர்' என்று விளக்கும் கையேடுகள் ஏரி என்கிற அர்த்தத்தையே விட்டுவிடுகின்றன.

அடையாறைத் தாண்டிப் பள்ளிக்கரணைக்குப் போனால் கூழைக்கடாவை இன்றும் பார்க்கலாம். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது, 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமானது. பல பத்தாண்டுகள் பெருங்குடிக் குப்பையைக் கொட்டியதும் இதே சதுப்பில்தான். குப்பைமேடு விழாத கோணம் பார்த்து நாம் படம் எடுக்கிறோம்.

அந்தக் கோணத்தை மறுக்கிற நூல்தான் இனி வேண்டும். கிருஷ்ணனின் சொல்லை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பின் வந்த படச்சட்டத்தை உடைத்து, கூழைக்கடாவோடு மடையையும் கூலியையும் குப்பையையும் ஒரே பக்கத்தில் வைக்கிற நூல். அதைப் பறவையியலாளர்தான் எழுதவேண்டும் என்றில்லை. ஏரிக்காக மனு எழுதுகிற தோழர்கள் எழுதலாம்.