காப்பியத்தின் நிழலா, தனிக்கூற்றா? எக்செக்கியாஸின் தாழி ஓவியம்: ஒரு திறனாய்வு

முன்னுரை

பண்டைய கிரேக்க மட்கலன் ஓவியங்களைக் காப்பியங்களுக்கு வரையப்பட்ட விளக்கப்படங்களாகக் கொள்ளும் போக்கு ஆய்வுலகில் நெடுங்காலமாக உண்டு. இலக்கியம் முதல்நூல், ஓவியம் அதன் வழிநூல் என்பதே இப்போக்கின் அடிப்படை. ஏதென்ஸ் கலைஞர் எக்செக்கியாஸ் ஏறத்தாழ கி.மு. 540–530 அளவில் உருவாக்கிய, இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள இருகைப்பிடித் தாழி, இக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. வனைந்தவரும் தீட்டியவரும் தாமே என்பதை அவர் அத்தாழியிலேயே எழுதியுள்ளார்.

ஓவியமும் உத்தியும்

இத்தாழி கருவுருவப் பாணியில் அமைந்தது. நுண்களிமண் குழம்பால் உருவங்களைத் தீட்டி, உள்விவரங்களைக் கூரிய கருவியால் கீறுவர். சூளையில் காற்றை விட்டும் அடைத்தும் மீண்டும் விட்டும் சுடுகையில் உருவங்கள் கருமையாகவும் பின்புலம் செம்மையாகவும் நிலைபெறும்.

ஒரு பக்கத்தில் அக்கிலீஸும் அஜாக்ஸும் பலகையின் மீது குனிந்து விளையாடுகின்றனர். ஆட்டத்தின் இடையிலும் ஈட்டிகள் கையை விட்டு நீங்கவில்லை. அக்கிலீஸ் தலைக்கவசம் அணிந்துள்ளான். அஜாக்ஸின் கவசமோ பின்னால் கேடயத்தின் மேல் உள்ளது. அக்கிலீஸின் வாயருகே ‘நான்கு’ என்றும், அஜாக்ஸின் வாயருகே ‘மூன்று’ என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இலக்கியச் சான்றின்மை

இக்காட்சி இலியட்டில் இல்லை. இன்று கிடைக்கும் பிற கிரேக்க இலக்கியங்களிலும் இல்லை. மறைந்துபோன காப்பியமொன்றில் இது இருந்திருக்கலாம் என்பர் சிலர். ஒவ்வோர் ஓவியத்திற்கும் பின்னால் ஒரு நூல் இருந்தாக வேண்டும் என்ற முன்முடிபே இவ்வூகத்திற்குக் காரணம். இக்காட்சியைக் கொண்ட 150க்கும் மேற்பட்ட கலன்கள் கிடைத்துள்ளன. இலக்கியத் துணையின்றியே ஓர் ஓவியக்கரு மரபாக வளர இயலும் என்பதற்கு இவை இடந்தருகின்றன.

முன்னறிவிப்பு என்னும் வாசிப்பு

அக்கிலீஸ் போரில் மடிவான். அவனுடைய படைக்கலன்களுக்கான போட்டியில் ஒடிசியஸிடம் தோற்கும் அஜாக்ஸ் தற்கொலை செய்துகொள்வான். எனவே ‘மூன்று’ என்னும் சொல் வரவிருக்கும் தோல்வியை முன்னுணர்த்துவதாகப் பலர் கருதுகின்றனர். இது மிகைவாசிப்பாகலாம் என்னும் மறுப்பும் புறக்கணிக்கத்தக்கதன்று; ஆட்டத்தில் ஒருவர் பின்தங்குவது இயல்பே. ஆயினும், பிரான்சின் புலோன் நகர அருங்காட்சியகத் தாழியொன்றில் அஜாக்ஸ் தனியனாய்த் தன் வாளை மண்ணில் நடும் காட்சி உள்ளது. சாவையன்று, சாவுக்கு முந்தைய அமைதியையே அவ்வோவியம் காட்டுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் முன்னறிவிப்பு என்னும் வாசிப்பு வலுப்பெறுகிறது. எனினும் அத்தாழி எக்செக்கியாஸுக்கு உரியதெனப் பாணியின் அடிப்படையிலேயே கொள்ளப்படுகிறது என்பதால் இச்சான்றின் எல்லையும் உணரத்தக்கது.

கண்டெடுக்கப்பட்ட இடம்

வத்திக்கான் தாழி கிடைத்தது ஏதென்ஸில் அன்று. இத்தாலியில் எட்ருஸ்கர் வாழ்ந்த வுல்ச்சியில். ஏதென்ஸ் மக்களை மட்டுமே பார்வையாளராகக் கொள்ளும் விளக்கங்கள் இவ்வுண்மையைக் கணக்கில் கொள்வதில்லை. கிரேக்கம் அறியாதவர்க்குப் பொறிக்கப்பட்ட எண்கள் புலப்பட்டிரா. குனிந்த உடல்களும் ஏந்திய ஈட்டிகளும் கழற்றிய கவசமும் அவர்க்கும் புலப்பட்டிருக்கும்.

முடிவுரை

எக்செக்கியாஸின் ஓவியம் காப்பிய மாந்தரைக் கடன் பெறுகிறது. நிகழ்ச்சியைக் கடன் பெறவில்லை. போருக்கு இடைப்பட்ட ஓய்வில் போரின் முடிவைக் காணச் செய்வது அவ்வோவியத்தின் சொந்தக் கூற்று. எனவே மட்கலன் ஓவியங்களை இலக்கியத்தின் துணைச்சான்றாக மட்டும் கொள்ளாது, தமக்கெனப் பொருள் கூறும் ஆக்கங்களாகவும் ஆராய்தல் வேண்டும்.